வலது காதுப் பக்கம்

சங்கரி ஸிரிஞ்சின் உறையைக் கிழித்துவிட்டாள். இனிக் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி மருந்தை உறிஞ்ச வேண்டியதுதான் பாக்கி. குப்பி ஸாதனாவின் கையில் இருந்தது. அவள் அதைக் கொடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா," என்று சங்கரி கையை நீட்டினாள்.

"சித்தெ இரு."

கட்டிலில் ஸாதனாவின் அம்மா பாக்கியலக்ஷ்மி வலது கன்னம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இடது காது போய்விட்டது. மிச்சமிருந்தது வலது காது, அதிலும் பாதி. யார் என்ன சொன்னாலும் அது காதில் விழவேண்டும் என்பதற்காக, முதுகு நொந்தாலும் அந்தப் பக்கத்தை மட்டும் அவள் தலையணையில் வைப்பதே இல்லை. சிறுநீரகம் வேலையை நிறுத்தியதில் முகம் ஊதிக் கண்கள் சிறுத்திருந்தன. தெருக்கோடிக் கிடங்கில் சுக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் நெடி அறை வரை வந்தது.

சங்கரி, வீடுவீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ். அவளுடைய அப்பா அம்மா தேனிப் பக்கத்திலிருந்து எறணாகுளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி விற்க வந்தவர்கள். வந்த முதல் நாளே பாக்கியலக்ஷ்மி அவளிடம் ஜாதகம் கேட்டாள். எங்க ஆளுகள்ல ஜாதகம் எழுதுற பழக்கம் கிடையாது மாமி என்று சங்கரி சொன்னதற்கு, அப்படியானால் பிறந்த தேதியும் நேரமும் சொல், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது. பாக்கியலக்ஷ்மியின் தொழில் அதுதான். பாலக்காட்டுப் பிள்ளைக்கு மட்டாஞ்சேரிப் பெண், பம்பாய்ப் பிள்ளைக்குத் திருப்பூணித்துறைப் பெண் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து போனிலேயே இடம் பார்த்துச் சொல்வாள். கணவர் போன பிறகு வீடு நடந்தது அதில்தான். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் வேண்டாம் என்றிருந்த சொந்த மகளை மட்டும் அவள் வற்புறுத்தியதில்லை. தொழில் தெரிந்தவர்கள் வீட்டில் தொழில் பார்க்கமாட்டார்கள் என்று சொல்லிச் சிரித்துவிடுவாள்.

ஸாதனாவின் கையில் இருந்த குப்பியில் ஜெண்டாமைசின். கடையில் எல்லாரும் வாங்குகிற பழைய மருந்து. ஸாதனாவுக்கு அது வெறும் மருந்தில்லை.

அந்த மருந்தை முதலில் செய்தது மனிதர்கள் இல்லை. நீரிலும் சேற்றிலும் வாழும் ஒரு பாக்டீரியா, தனக்குள் இருக்கும் நொதிகளைக் கொண்டு படிப்படியாக அதைக் கட்டுகிறது. இன்றைக்கும் தொழிற்சாலைகள் அந்த பாக்டீரியாவை வளர்த்துத்தான் மருந்தை எடுக்கின்றன. அந்த நொதிகளில் ஒன்றைத்தான் ஸாதனா களமசேரி ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்தாள். அதற்கு ஒரே ஒரு வேலை. மருந்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு கார்பன் அணுவில், மெத்தில் என்கிற சின்னத் துண்டு ஒன்றைக் கொண்டுபோய் ஒட்டுவது. மருந்தைக் கெடுப்பதற்கென்றே சில கிருமிகள் வைத்திருக்கும் ஆயுதத்துக்கு, அந்த மெத்தில் இருந்தால் அந்த இடத்தில் பிடி கிடைக்காது.

ஒரு மத்தியானம் மொளகூட்டலைப் பரிமாறிக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஒரு துண்டை ஒட்டறதுக்கு என்னடி இவ்வளவு பாடு?"

"அந்தக் கார்பன் தன்னோட ஹைட்ரஜனோட சௌக்கியமா இருக்கும்மா. அதுக்கு ஒரு குறையும் இல்லை. சாதாரணமா எதைக் காட்டினாலும் அசையாது."

அசையாத கார்பனை அசைப்பது எப்படி என்று ஸாதனா சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். நொதிக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு சின்னக் கட்டி இருக்கிறது. அது, ஸாம் என்று சுருக்கிச் சொல்லும் ஒரு மூலக்கூறுக்கு ஒரு எலக்ட்ரானைத் தள்ளிவிடும். ஸாம் அதைத் தாங்காமல் இரண்டாக உடையும். எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருந்தால்தான் எந்தப் பொருளுக்கும் நிம்மதி. உடைந்ததில் ஒரு பாதிக்கு ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரான் நின்றுவிடுகிறது. அதைத்தான் ராடிகல் என்கிறார்கள். அதற்கு இருப்புக் கொள்ளாது. பாய்ந்துபோய், சௌக்கியமாக இருக்கும் கார்பனிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். இப்போது தவிப்பு கார்பனுக்கு. பக்கத்திலேயே பி-பன்னிரண்டு வைட்டமின் கையில் ஒரு மெத்திலை வைத்துக்கொண்டு தயாராக இருக்கிறது. கார்பன் அதை வாங்கிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ ஒரு எடத்தைக் கலைச்சாத்தான் இன்னொரு எடம் கூடும். எங்க தொழில்ல அதைப் பண்ணினா அடிக்க வருவா." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த ஒண்டிக்கட்டை வேறு எதையாவது பிடுங்கிக்கொண்டு ஓடிவிடாதா என்று கேட்டாள். ஓடாமல் இருக்கத்தான் நொதி அதை நாலு பக்கமும் அணைத்துப் பிடித்திருக்கிறது, வெளியே விட்டால் கண்டதையும் நாசம் பண்ணிவிடும் என்றாள் ஸாதனா. அம்மாவுக்கு அது பரம திருப்தியாக இருந்தது. "அதுக்குத்தான் பெரியவான்னு ஒருத்தர் கூட இருக்கணும்கறது," என்று சொல்லிவிட்டு மோர் விட்டாள்.

அந்த நொதிக்குக் காற்றும் ஆகாது. ஆக்ஸிஜன் பட்டால் இரும்புக் கட்டி சிதைந்துவிடும். அதனால் காற்றை விலக்கிய ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், பெட்டியோடு பொருத்திய நீளக் கையுறைகளில் கையை நுழைத்துத்தான் எல்லா வேலையும். நொதி நன்றாக இருந்தால் பால் விடாத கட்டன் சாயா மாதிரி பழுப்பாக இருக்கும். காற்றுப் பட்டுவிட்டால் வெளுத்துவிடும். இதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. சாயங்காலம் ஸாதனா படி ஏறும்போதே, வேறு ஒரு விசாரிப்பும் இல்லாமல், "இன்னிக்கு நெறம் நன்னா இருந்துதா?" என்பாள். பெண் கறுப்பா சிவப்பா என்று பிள்ளை வீட்டார் கேட்கும் தோரணையில்தான் கேட்பாள்.

அம்மாவுக்கு ரத்தத்தில் கிருமி ஏறி, ஆஸ்பத்திரியில் மருந்து மாற்றி மருந்து மாற்றிப் பார்த்து, இனி வீட்டுக்கு அழைத்துப்போய் வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, ஸாதனா விடவில்லை. ஜெண்டாமைசினைப் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டாள். டாக்டர் தயங்கினார். அடங்கும் என்று சொல்வதற்கில்லை, சிறுநீரகத்துக்கும் கெடுதல், காதும் போகலாம் என்றார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதிக் கொடுத்தார். எத்தனையோ மருந்து இருக்க அதையே ஏன் கேட்டாள் என்பதற்கு அவளிடம் அப்போது ஒரு நியாயம் இருந்தது. பிறகு யோசித்தபோது அது நியாயமாகவே தெரியவில்லை. ஒரு ஆபீஸில் காரியம் ஆகவேண்டுமென்றால் அங்கே நமக்குத் தெரிந்தவர் யார் என்று தேடிப்போகிறோமே, அதுபோல்தான் அவள் போயிருந்தாள். அந்த மருந்தின் ஒவ்வொரு அணுவும் அவளுக்குப் பழக்கம். பழகினவர் கைவிடமாட்டார் என்று நினைத்துவிட்டாள்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு, காதுக்குள் சீவீடு கத்துகிறது, ராத்திரி முழுக்கச் சில்வண்டுச் சத்தம் என்று அம்மா சொன்னாள். மூன்றாவதுக்குப் பிறகு இடது காது அடைத்துப்போயிற்று. காய்ச்சல் இறங்கவில்லை.

இன்று காலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஜெண்டாமைசின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் நேரே, கேட்காது என்பதைக் குறிக்கும் ஒரே எழுத்து வரிசையாக இருந்தது. அப்படி மொத்தமாக எதிர்த்து நிற்கும் கிருமிகள் பெரும்பாலும் என்ன செய்துகொள்ளும் என்று ஸாதனாவுக்குத் தெரியும். மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய இடத்தில் தாங்களே ஒரு மெத்திலை ஒட்டி வைத்துக்கொள்ளும். மருந்து வந்து தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒரு மெத்திலை ஒட்ட அவள் களமசேரியில் கிடந்து மன்றாடிக்கொண்டிருக்க, இங்கே அம்மாவின் ரத்தத்தில் அந்தக் கிருமி ஓசைப்படாமல் அதே காரியத்தை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

டாக்டர் போனில் தன்மையாகத்தான் சொன்னார். இனி ஊசியால் பிரயோஜனமில்லை, நிறுத்திவிடுவது நல்லது, வீட்டில் பேசி முடிவெடுங்கள் என்றார்.

வீட்டில் பேசுவதென்றால் அண்ணா ஹரிஷங்கரிடம். அவன் நாக்பூரிலிருந்து விமானம் ஏறப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். நான் வருகிற வரைக்கும் எதையும் நிறுத்தாதே என்றான். பலிக்கவில்லை என்று முடிவு வந்துவிட்டது என்று அவள் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஒரு ஊசிதானே? ரிப்போர்ட் தப்பா இருக்கப்படாதா? நான் வந்து மூஞ்சியப் பாக்கற வரைக்கும் தாங்கினாப் போறும்."

"அண்ணா, காது போயிண்டிருக்கு."

"உசிரு பெரிசா காது பெரிசா? நீயே கேட்டு வாங்கின மருந்துதானேடி அது?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

இப்போது சங்கரி காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் இரண்டு வீடு போகவேண்டும். ஆனாலும் அவசரப்படுத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, ஒருக்கா மாமியக் கேட்டுக்கிடுங்கக்கா, அவுகளுக்கு நினைவு தெளிவாத்தான இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

யாருக்கும் அதுவரை அது தோன்றவில்லை. ஸாதனா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வலது காதருகே குனிந்தாள்.

"அம்மா, ஊசி வேணுமா, நிறுத்திடலாமா?"

பாக்கியலக்ஷ்மி கண்ணைத் திறந்தாள். மகளின் கையில் இருந்த குப்பியைப் பார்த்தாள். பேச மூச்சுச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அது உன்னோட மருந்தோன்னோ?"

"ஆமாம்மா."

"அதான் வேண்டாம்னு சொல்லலை." நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள். "நீ இத்தனை நாள் பாடுபட்டது. எனக்குப் போட்டா உனக்கு ஒரு சந்தோஷம்னு இருந்துட்டேன்."

சங்கரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்போ போறும்டி. ஹரி கூப்பிடுவான். அவனோட பேசணும். காது வேணும்."

ஸாதனா குப்பியைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். சங்கரி வலிக்கான மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு, பிரித்த ஸிரிஞ்சைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, இன்னிக்கு நான் தூரமாப் போகலை, பக்கத்துலதான் இருப்பேன், கூப்பிடுங்க என்றாள். அதன் அர்த்தம் ஸாதனாவுக்குப் புரிந்தது.

அவள் போன கொஞ்ச நேரத்தில் சந்தீப் கூப்பிட்டான். ஆய்வுக்கூடத்தில் அவளோடு வேலை செய்கிறவன். அவள் இல்லாத நாட்களில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டது அவன்தான். சேச்சி, சேச்சி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு நிறுத்திவிட்டான். மெதுவாகக் கேட்டதில் விஷயம் வந்தது. கையுறை ஒன்றில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. ராத்திரி பூராவும் காற்று ஏறி, இருந்த நொதி மொத்தமும் வெளுத்துவிட்டது. இந்த நேரத்தில் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். பரவாயில்லை, நீ சாப்பிட்டாயா என்று ஸாதனா கேட்டாள். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெறம் எப்படி?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பொய் என்று யாருக்குத் தெரியப்போகிறது. ஒரு கணம் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. வலது காதுப் பக்கம் குனிந்தாள்.

"வெளுத்துப் போயிடுத்தும்மா. காத்துப் பட்டுடுத்து. எல்லாம் போச்சு."

பாக்கியலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். நிச்சயம் வரைக்கும் வந்து தட்டிப்போன எத்தனையோ பெண்களின் அம்மாக்களுக்கு அவள் போனில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலிலேயே சொன்னாள்:

"போறது போ. இதைவிட நல்லதா இன்னொரு எடம் பாத்துக்கலாம்."

ஸாதனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். பிறகு எழுந்துபோய் அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

பம்பாயில் விமானம் மாறுகிற இடத்திலிருந்து ஹரிஷங்கர் கூப்பிட்டபோது உச்சி வெயில் சாய ஆரம்பித்திருந்தது. எடுத்தவுடன் ஊசி போட்டாச்சா என்று கேட்டான். அம்மாவோட பேசு அண்ணா என்று சொல்லி, ஸாதனா ஸ்பீக்கரைப் போடப் போனாள். பாக்கியலக்ஷ்மி கையை ஆட்டித் தடுத்தாள். அவள் என்றைக்கும் ஸ்பீக்கரில் பேசியதில்லை. ஒரு வீட்டுச் சமாசாரம் இன்னொருத்தர் காதில் விழக்கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். போனை வாங்கித் தானே வலது காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். கையைத் தாங்கிக்கொள்ள ஸாதனா போனபோது விடவில்லை.

அறையில் கேட்டது அம்மாவின் பேச்சு மட்டும்தான். அதுவும் துண்டு துண்டாக.

"சொல்லுடா... கேக்கறது... நன்னாக் கேக்கறது."

"சாப்டியா? அங்கெ எல்லாம் வெலை ஜாஸ்தியா இருக்குமே."

"ஜன்னலோரமா? கெடச்சுதா? சரி."

பிறகு வெகுநேரம் அவள் பேசவில்லை. அந்தப் பக்கம் ஹரி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு தடவை, "ஊசியா? நான்தான் வேண்டாம்னேன். அவ கேட்டா, நான் வேண்டாம்னேன்," என்றாள். மறுபடியும் அவன் பேசியிருக்க வேண்டும். அவள் முகத்தில் வலி இல்லை. யாரோ நல்ல ஜாதகத்தை நிதானமாகப் படித்துச் சொல்ல, பொருத்தம் கூடி வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் மாதிரி இருந்தாள்.

"ம்," என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியும்டா. ம்."

பேச்சு முடிந்து திரை அணைந்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் ஸாதனா விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி அதை எடுத்தாள்.

அதற்குப் பிறகு பாக்கியலக்ஷ்மி கண் திறக்கவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி விழ ஆரம்பித்ததும் ஸாதனா சங்கரியைக் கூப்பிட்டாள். அவள் பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பேசிக்கிட்டே இருங்கக்கா, கேக்கும் என்றாள். என்ன பேசுவது என்று ஸாதனாவுக்குத் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் படியில் உட்கார்ந்து சொல்வதையே சொன்னாள். முதலில் கையுறையை மாற்றவேண்டும். பெட்டிக்குள் இருக்கும் காற்றைத் துரத்த வேண்டும். பிறகு பாக்டீரியாவை மறுபடி வளர்க்க வேண்டும், நொதியைப் பிரித்தெடுக்க வேண்டும். இந்தத் தடவை அவசரப்படாமல் செய்யவேண்டும். சொல்லிக்கொண்டே கரண்டியால் கங்கா ஜலத்தை உதட்டில் விட்டாள். கொஞ்சம் உள்ளே போயிற்று. கொஞ்சம் வழிந்தது. நிறம் எப்படி இருக்கவேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது சங்கரி மெல்ல அவள் தோளில் கை வைத்தாள்.

கிடங்கில் மூட்டை இறக்கி முடித்த லாரி, பின்வாங்கித் திரும்ப இடமில்லாமல் தெருவில் வெகுநேரம் உறுமிக்கொண்டிருந்தது.

மற்றதெல்லாம் தானாக நடந்தது. எதிர்வீட்டுக் கொங்கணி மாமா சாஸ்திரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் வீட்டு மாமி, இந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று தன் வீட்டிலிருந்து சாயா போட்டுக் கொண்டுவந்தாள். கட்டிலை நகர்த்தி, தரையில் தர்ப்பையைப் பரப்பி, தலை தெற்கே இருக்கும்படி கிடத்தினார்கள். அம்மாவின் போன் நடுவில் இரண்டு மூன்று தடவை அடித்தது. கோயமுத்தூரிலிருந்து ஒரு பிள்ளை வீட்டார். ஸாதனா எடுத்துச் சொன்னாள். அந்தப் பக்கத்து அம்மாள் முதலில் ஐயோ என்றாள், பிறகு என் பிள்ளை கல்யாணம் அவர் வாக்கில்தான் நிற்கிறது என்று அழுதாள்.

நெடும்பாசேரி விமான நிலையத்தில் இறங்கிப் போனைத் திறந்ததும் ஹரிஷங்கருக்குத் தெரிந்துவிட்டது. வெயில் தாழ்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தான். பையை வாசலிலேயே வைத்துவிட்டு, கால் கழுவி, உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஸாதனா சுவரில் சாய்ந்து நின்றாள். அவன் ஏதாவது கேட்பான் என்று காலையிலிருந்து அவள் பதில்களைச் சேர்த்து வைத்திருந்தாள். டாக்டர் சொன்னது, பரிசோதனை முடிவு, எல்லாமே. அவன் கேட்கவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

அம்மாவின் வலது கன்னத்தில், காதை ஒட்டி, கோடு கிழித்தமாதிரி நேராக ஒரு பள்ளம் இருந்தது. கீழே வளைந்து ஒரு மூலையும் தெரிந்தது. அவன் குனிந்து பார்த்தான்.

"இதென்னதுடி?"

"போன், அண்ணா," என்றாள் ஸாதனா. "நீ பேசினபோது வெச்சு அழுத்திண்டா. உடம்புல நீர் கோத்திருந்துதோன்னோ. அப்படியே நின்னுடுத்து."

ஹரிஷங்கர் அந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாஸ்திரிகள் வந்து பித்தளைச் சொம்பில் ஜலமும் வெள்ளைத் துணியும் கொடுத்து, முகத்தைத் துடையுங்கோ என்றார். இருட்டுவதற்குள் கிளம்பவேண்டும் என்று வாசலில் யாரோ சொன்னார்கள். அவன் துணியை நனைத்துப் பிழிந்தான். நெற்றியைத் துடைத்தான். கண்ணிமைகளை, மூக்கை, இடது கன்னத்தை, மோவாயைத் துடைத்தான். வலது பக்கம் வந்ததும் துணியை விரல் நுனியில் சுருட்டிக்கொண்டு, அந்தக் கோட்டின் மேல் படாமல், அதைச் சுற்றித் துடைத்தான்.